தலைவர் ஏறி நின்ற தராசு

பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

தம்பி பணிவோடு எழுதுவது. இங்கே நானும் வீட்டுக்காரியும் சௌக்கியம். அங்கே உன் உடம்பும் அத்தானின் முழங்காலும் உன் தராசு அருங்காட்சியகத்தின் கூரையும் அப்படியே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் நடுவில் புகுந்து திட்டுவாய் என்பதால்தான் கடிதம். நல்ல செய்தி கடைசியில் இருக்கிறது, தாவிக் குதித்து அங்கே போகாமல் வரிசையாகப் படி.

அருங்காட்சியகக் கூட்டமைப்பில் நான் அரசுத் தொடர்பு மற்றும் கொள்கைப் பிரிவின் தலைவன் என்பது உனக்குத் தெரியும். அத்தானுக்கு எத்தனை முறை விளக்கினாலும், "அதாவது மச்சான், பெரிய மனுஷங்க ரூம் வாசல்ல உக்காந்திருக்கிற வேலை, அதானே?" என்கிறார். இந்த முறை அந்த வாசலில் நான் உட்கார்ந்திருந்தது உனக்காக. புதிய மசோதாவின் ஏழாம் பிரிவு, சின்ன அருங்காட்சியகங்களை எல்லாம் தலைநகரின் மைய அருங்காட்சியகத்தோடு இணைக்கலாம் என்கிறது. இணைப்பு என்றால் என்ன? உன் தராசுகள் பெட்டிக்குள் போகும், பெட்டிகள் நிலவறைக்குள் போகும், நீ வீட்டுக்குப் போவாய். ஒரு பழைய கிடங்கை அருங்காட்சியகமாக்கி, உன் கையாலேயே வெள்ளையடித்துத் திறந்த அன்று நீ அழுத அழுகை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அது போனால் நீ தாங்க மாட்டாய், உன்னைப் பார்த்து நானும் தாங்க மாட்டேன்.

முதலில் முறைப்படி ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தேன். தலையணை மாதிரி கனம். மசோதாவை ஆராயும் சட்டமன்றக் குழுவின் தலைவர் அதைப் படித்தாரா என்று பார்க்கப் போனால், அவருடைய உதவியாளர் கம்ப்யூட்டரை உயர்த்தி வைக்க அதை அடியில் கொடுத்திருந்தார். "சார், உங்க அறிக்கை வந்ததுக்கப்புறம்தான் கழுத்து வலியே போச்சு" என்று நன்றி வேறு சொன்னார். சரி, படிக்காதவர்களுக்குக் காட்டித்தான் ஆக வேண்டும் என்று, சட்டமன்றக் கூடத்திலேயே ஒரு கண்காட்சி ஏற்பாடு செய்தேன். ஒவ்வொரு சிறு அருங்காட்சியகமும் ஒரு பொருளைக் கொண்டுவர வேண்டும், பக்கத்தில் ஒரு மேசையில் டீயும் பிஸ்கட்டும் கேக்கும், உறுப்பினர்கள் சாப்பிட்டுக்கொண்டே பார்த்துவிட்டு மனம் இளகுவார்கள் என்பது கணக்கு. உன் சார்பில், நீ எடுத்துக்கொள்ளச் சொன்னபடி, அத்தானோடு நீ ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரத்தில் வந்து, பார்வைக்குக் கம்பீரமாக இருந்த மேடை வைத்த மூட்டைத் தராசு ஒன்றை ஏற்றி வந்தேன். ஏற்றியதில் என் இடுப்பு இன்னும் இயல்புக்கு வரவில்லை.

இனிமேல்தான் கூத்து. மேசைகளை அமைக்க எங்கள் காட்சி அமைப்பாளரை அனுப்பியிருந்தேன். மனிதர் வாழ்நாள் முழுக்க அந்த வேலையைச் செய்தவர், ஒரு மேசையைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. விடியற்காலையிலேயே வந்து பிஸ்கட் மேசையைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டி, மேலே விளக்கைத் திருப்பி, "பிஸ்கட். மாவு, சர்க்கரை, நெய். தற்காலம்" என்று அட்டை எழுதி, பக்கத்தில் "தொடாதீர்கள்" என்றும் வைத்துவிட்டார். உறுப்பினர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேக்கைச் சுற்றிச் சுற்றி மரியாதையாக வந்தார்கள். ஓர் அம்மையார் கண்ணாடி போட்டு அட்டையைப் படித்துவிட்டுப் படமும் எடுத்துக்கொண்டார். ஒருவர் என்னிடம், "இது எந்தக் காலத்துது தம்பி?" என்று கேட்டார். "இன்னைக்குக் காலையில சுட்டதுங்க, எடுத்துக்குங்க" என்றேன். நான் கிண்டல் செய்கிறேன் என்று முறைத்துவிட்டுப் போனார். பசி ஏற ஏற எல்லோர் முகமும் கடுகடுவென்று ஆனது. இப்படியே போனால் ஏழாம் பிரிவு இன்னும் கடுமையாகிவிடும் போலிருந்தது.

கயிறு முழுவதும் பிஸ்கட்டுக்கே தீர்ந்துவிட்டதால் உன் தராசுக்குக் கயிறு இல்லை. அதன் முன்னால் குழுத் தலைவர் தம் மனைவியோடு வந்து நின்றார். டாக்டர் அவரை இளைக்கச் சொல்லியிருக்கிறாராம், அந்த மனைவியம்மாதான் அவர் வாய்க்குக் காவல். "சும்மா பாத்துக்கிட்டே நின்னா எப்படி? ஏறுங்க, பாத்துடலாம்" என்றார் அம்மா. நான் "ஐயோ, காட்சிப் பொருள்" என்று வாய் திறப்பதற்குள் தலைவர் ஏறிவிட்டார். சரி, ஆனது ஆகட்டும் என்று நானே தராசுத் தண்டின் எடைக்குண்டைத் தள்ளி நிறுத்துப் பார்த்தேன். அம்மா குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். எடை அவ்வளவு குறைவு. கண் கலங்கிவிட்டது. "வீட்டு மெஷின்தான் பொய் சொல்லுதுன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டீங்களே, பாவி நான் நம்பலையே! போங்க, ஒரே ஒரு கேக் சாப்பிடுங்க" என்றார். தலைவர் கயிற்றைத் தாண்டிய வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அவர் பின்னால் மொத்தக் குழுவும் தாண்டியது. கேக் வாயில் இருக்கும்போதே தலைவர் என் தோளைத் தட்டி, ஏழாம் பிரிவை எடுத்துவிடுவதாகச் சொல்லி, சொன்னபடி அன்று மாலையே எடுத்தும்விட்டார்.

இதைத்தான் அக்கா, எங்கள் துறையில் நேரடிக் கொள்கை விளக்கம் என்று சொல்வார்கள். திட்டமிடல், பொறுமை, சரியான பொருளைத் தேர்ந்தெடுக்கும் கண், மூன்றும் வேண்டும். அத்தானிடம் மறக்காமல் சொல்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம். உன் ஆசி என்றும் என் தலைமேல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் வெற்றி வீரத் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உன் போன் வந்தது. எந்தத் தராசை எடுத்தாய் என்று நீ கேட்டதும், தலைவர் ஏறி நின்றதையும் பிரிவு போனதையும் உளறிவிட்டேன். "டேய், கிழக்குச் சுவர் ஓரமா இருந்ததையா தூக்கிட்டுப் போனே? அது நெல் வாங்குற ஒரு மண்டிக்காரன்கிட்ட பிடிச்ச கள்ளத் தராசுடா! எதை வச்சாலும் குறைச்சுத்தான் காட்டும். பொய் சொல்லிப் பிழைக்கிற மியூசியம் எனக்கு வேண்டாம். நல்ல தராசை எடுத்துக்கிட்டு ரயில் ஏறிட்டேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். நீ வந்து போட்டு உடைப்பதற்குமுன் நானே சொல்லிவிடலாம் என்று தலைவரிடம் ஓடினேன். அவர் கதவைச் சாத்தச் சொன்னார். "ஏறி நின்னதுமே தெரிஞ்சுபோச்சு தம்பி. நானும் மண்டி வச்சிருந்தவன்தான்." "அப்புறம் ஏன் சார் பிரிவை எடுத்தீங்க?" "உங்க அக்கா கடையை மூடிட்டா இந்த மாதிரி தராசெல்லாம் எங்க போகும்? நிலவறையில இடம் பத்தாம ஏலம் விடுவாங்க, திரும்ப மண்டிக்குத்தான் வரும். அதெல்லாம் உள்ள கிடக்கிறதுதான் ஊருக்கு நல்லது." என் தலையணை அறிக்கையில் தேடினாலும் இந்த ஒரு வாதம் கிடைக்காது அக்கா. பிரிவு போனது போனதுதான், உன் கிடங்கு உனக்குத்தான். ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார், கையைப் பிடித்துக்கொண்டே வைத்தார்: "அந்த நல்ல தராசு மட்டும் என் வீட்டம்மா கண்ணுல பட்டுடக் கூடாது." ஆகவே நான் ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டேன். ஜன்னல் வழியாக ஒரு கை இந்தக் கடிதத்தை நீட்டும். வாங்கிக்கொள், இறங்கிவிடாதே.