அக்கா நெற்றியில் வெள்ளைப் பொட்டு

உத்திரமேரூர்
12-8-1984

சென்னையில் ஃபேன்சி ஸ்டோர் வைத்து நாலு பேர் மதிக்க வாழும் தம்பி முத்துவேலுக்கு, அக்கா எல்லம்மாள் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே உன் மாமாவும் நானும் சுகம். உன் சுகத்தையும் தேவகி சுகத்தையும் எழுது. கடையைப் பற்றி நானே எழுதுகிறேன்.

பொங்கலுக்கு நீ கொடுத்த ஸ்டிக்கர் பொட்டை ஆசையாக ஒட்டிக்கொண்டேன். படுக்கும்போது கண்ணாடியில், விடிந்தால் நெற்றியில். சித்திரையில் ஒருநாள் முகம் கழுவப் பொட்டை எடுத்தால், அடியில் இன்னொரு பொட்டு! வெள்ளையாக, அதே வட்டம். கண்ணாடியில்தான் அழுக்கு என்று துடைத்தேன். கண்ணாடி பளிச்சென்று ஆனது, அது அதைவிடப் பளிச்சென்று தெரிந்தது. மறைக்கப் பெரிய பொட்டு ஒட்டினேன். ஒரு மாதத்தில் அடியிலிருந்த வெள்ளையும் பெரிசாயிற்று. நான் நாலணாக் காசு அளவுக்குப் போனால் அதுவும் நாலணாக் காசு. உள்ளே இருந்துகொண்டு யாரோ அளவெடுப்பதுபோல.

பக்கத்து வீட்டுச் செங்கேணி பார்த்துவிட்டு, "யக்கா, இன்னா இது? அம்மன் கண்ணு தொறந்துகினு கீது!" என்று கும்பிட்டாள். என் வாய் சும்மா இருக்குமா? "ஆமாண்டி, காணாமப் போன உன் எருமை பெருநகர் ஆத்தங்கரையில நிக்குது, போய் ஓட்டிக்கினு வா" என்றேன். போனாள். எருமை அங்கேயே நின்றிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு பாதியில் நின்றுவிட்டது. அன்றிலிருந்து வாசலில் எலுமிச்சம்பழத்தோடு ஆட்கள். உன் மாமாவே கும்பிட்டுவிட்டுத்தான் சோறு கேட்கிறார்.

பயந்துபோய்க் காஞ்சிபுரத்துத் தோல் டாக்டரம்மாவிடம் போனேன். "சாமியும் இல்ல, பூதமும் இல்லம்மா. பொட்டுப் பசையில இருக்கிற ஒரு சரக்கு சில பேருக்குத் தோல் நிறத்தைத் தின்னுடும். ஏற்கெனவே வெண்புள்ளி இருக்கிறவங்க இதைத் தொடவே கூடாது. வெளுக்க வைக்கிற கிரீமும் வேணாம்" என்றார்.

தம்பி, எனக்குப் போனது போகட்டும். தேவகிக்கு விரலில் வெண்புள்ளி இருக்கிறதே! உன் கடையில் நாளுக்கொரு பொட்டு ஒட்டிக் காட்டுவது அவள்தானே? இன்றைக்கே எடுக்கச் சொல். வெறும் நெற்றியோடும் அவள் அழகிதான். உன்னைக் கட்டிக்கொண்டதைத் தவிர அவளிடம் ஒரு குறையும் இல்லை.

குலதெய்வம் உங்கள் இருவர் தலைமேலும் கைவைத்துக் காக்கட்டும். நெற்றிமேல் மட்டும் வேண்டாம்.

உன் அக்கா
எல்லம்மாள்

பின்குறிப்பு: தபாலில் போடப் புறப்பட்டால் தேவகியே பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறாள். முதல் வேலையாகப் பொட்டை எடுக்கச் சொன்னேன். எடுத்தாள். சீரகம் அளவுக்கு வெள்ளை. வாசலில் இருந்தவர்கள் எழுந்து வந்து அவள் நெற்றியையே பார்த்தார்கள். "இன்னா அண்ணி, எல்லாரும் இப்டிப் பாக்கறாங்க?" என்றாள். நான் வாய் திறப்பதற்குள் செங்கேணி அவள் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டாள்.