பெண்டுலம் வைத்த மீசைப் பந்தயம்

மனிதர் அனைவரையும் ஒருமையில் விளித்து, ஓர் எந்திரத்தை மட்டும் பன்மையில் போற்றி வாழ்ந்தவர் இந்நிலவுலகில் ஒருவரே. அவர் எங்கள் புதுக்கோட்டையில், கீழராஜ வீதியில், கடிகாரம் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். பெற்றோர் அவருக்கு என்ன பெயர் சூட்டினர் என்பதை நான் அறியேன். அறிந்தவர் எவரையும் சந்தித்ததும் இல்லை. நெடிய உருவம், மெலிந்த கழுத்து, அக்கழுத்தால் தாங்கவொண்ணாத பெருந்தலை. எதையேனும் சிந்திக்கத் தொடங்கினால் அத்தலை இடமும் வலமுமாக ஆடும்; ஆட்டம் நின்றால் முடிவுக்கு வந்துவிட்டார் என்று பொருள். ஊரார் அவருக்குப் பெண்டுலம் என்று பெயரிட்டனர். அவரோ சிறிதும் வருந்தாமல் அப்பெயரையே கடைப்பலகையில் எழுதி மாட்டிக்கொண்டார்.

உயர் அதிகாரி ஒருவர் கைக்கடிகாரத்தைப் பழுதுபார்க்கத் தாமே நேரில் வந்து நின்றார். பெண்டுலம் தலை நிமிராமலே, "அங்கிட்டுத் தள்ளி நில்லு, வெளிச்சத்தை மறைக்காதே" என்றார். அதிகாரி திகைத்து நகர்ந்தார். அடுத்த நொடியே வாசற்பக்கம் திரும்பிய பெண்டுலத்தின் குரல் குழைந்தது: "வெயில் படுதுங்களா துரை? இருங்க, சாக்கு எடுத்துட்டு வாரேன்."

துரை எனப்பட்டவர் ஒரு மோட்டார் சைக்கிள். உலகப் போரில் படைவீரரைச் சுமந்து, போர் முடிந்தபின் ஏலத்தில் கைமாறி வந்த வண்டி. இடப்பக்கத்தில் ஒற்றைச் சக்கரத்துடன் ஒரு தொட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருவர் பின்னிருக்கையிலும், மற்றொருவர் தொட்டியிலும் அமரலாம். ஆனால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் அமரவேண்டும். கோயிலுக்குள் செருப்புடன் நுழைந்தவரைக்கூடப் பெண்டுலம் மன்னித்திருப்பார். துரைமேல் செருப்புடன் ஏறியவரை மன்னித்ததில்லை.

துரைக்கு ஒரு குறை உண்டு. ஓடத் தொடங்கினால் காற்றாகப் பறப்பார். நின்றுவிட்டாலோ, பின்னால் நான்கு பேர் தள்ளினாலன்றிப் பெரும்பாலும் உயிர்பெற மாட்டார். நாள்தோறும் காலையில் அவ்வீதி வழியே செல்வோர் அனைவரும் தள்ளும் திருப்பணிக்கு அழைக்கப்பட்டனர். கீழராஜ வீதியில் தொந்தி உடையவர் அருகிப்போனதற்குத் துரையே காரணம் என்று மருத்துவர் ஒருவர் வியந்ததாகவும் பேச்சு உண்டு.

அவ்வேளையில்தான் மிமிசல் பேருந்து அவ்வழியே வரும். அதன் நடத்துநர் மாணிக்கம் குறும்புக்காரர். படிக்கட்டில் தொங்கியபடி, "என்னண்ணே, நானும் எறங்கித் தள்ளிவிடவா?" என்று கூவுவார். பேருந்து முழுதும் சிரிக்கும். பெண்டுலம் பொறுத்துக்கொண்டார். ஆனால் ஒருநாள், சுவர்க்கடிகாரம் ஒன்றைத் தோளில் சுமந்துவந்த பெரியவர் அச்சிரிப்பைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். "சொந்த வண்டியையே ஓட வைக்கத் தெரியலை, இவரு எங்க நம்ம கடியாரத்தை ஓட வைக்கப்போறாரு?" என்று சொல்லித் திரும்பிப் போனார். அவரைப் பார்த்து இன்னும் இருவர் திரும்பினர். அம்மாத இறுதியில் கடையில் எஞ்சியவை பெண்டுலத்தின் சொந்தக் கடிகாரங்கள் மட்டுமே. அவரது தலை மூன்று நாள் ஓயாமல் ஆடியது. நான்காம் நாள் நின்றது. நேரே பேருந்து நிலையத்துக்கு நடந்தார்.

"ஏய் மாணிக்கம், எறங்கு கீழே. வர்ற ஞாயித்துக்கெழமை துரையும் நானும் மணமேல்குடி போறோம். கடல்ல சக்கரத்தை நனைச்சிட்டு, கரையோரமாவே மிமிசல் போயி, ஆவுடையார்கோயில் வழியாப் பொழுது சாயுறதுக்குள்ள திரும்பி வாரோம். வழியில ஒரு கை துரையைத் தள்ளுச்சுன்னா, இந்த மீசையை எடுத்துடுறேன்."

நிலையத்தார் சூழ்ந்துகொண்டனர். அம்மீசை எளிய மீசை அன்று. இருபுறமும் மேல்நோக்கி முறுக்கப்பட்டு, பத்து மணி பத்து நிமிடம் காட்டும் முட்களைப்போல் எந்நேரமும் நின்றது.

"அதை எடுத்துட்டா அந்த மூஞ்சியில மிச்சம் என்னண்ணே இருக்கும்?" என்றார் மாணிக்கம். "சரி, நீங்க செயிச்சுட்டா, ஒங்க கடை வாசல்ல பஸ்ஸை நிப்பாட்டி, ஆரன் அடிச்சு, 'இந்த மனுசன் ஓட வைக்காத எந்திரமே இல்லை'ன்னு ஊர் கேக்க நானே கத்துறேன். போதுமா?"

"போதும்."

சான்றுக்கு இருவர் தேவைப்பட்டனர். திருக்கோகர்ணத்தில் தமிழாசிரியனாக இருந்த நான் ஒருவன். தாலுகா அலுவலக எழுத்தர் ஏகாம்பரம் மற்றொருவர். ஏகாம்பரம் உடல் பருத்தவர். அவர் தொட்டியில் அமர்ந்தால்தான் வண்டி சாயாது என்பது பெண்டுலத்தின் கணக்கு.

பந்தயம் காலை ஆறு மணிக்குத் தொடக்கம். ஐந்தரை மணிக்கே அண்டைவீட்டாரை எழுப்பித் துரையைத் தள்ளச் செய்து, எந்திரத்தை ஓடவிட்டார் பெண்டுலம். "ஆறு மணிக்கு முந்தித் தள்ளினது கணக்குல வராது" என்றார். அரைமணி நேரம் வீதியே அதிர்ந்தது. ஆறு அடித்ததும் புறப்பட்டோம். இனித் திரும்பும்வரை எந்திரத்தை நிறுத்துவதில்லை என்பது எங்கள் உறுதி.

அறந்தாங்கியில் தேநீர் அருந்த இறங்கினோம். துரை உறுமிக்கொண்டே நின்றார். தேநீர்க் கடைக்காரர் காதைப் பொத்தியபடி, "அதைக் கொஞ்சம் அமத்துங்களேன், யாவாரம் கெடுது!" என்று கத்தினார். பெண்டுலம் அவரைவிட உரக்க, "துரை பேசும்போது குறுக்கே பேசாதே!" என்று கத்தினார். சண்டை முற்றுமுன் அரைக் குவளையை அப்படியே வைத்துவிட்டு, வழக்கம்போல் செருப்புகளைக் கழற்றி, விரைந்து ஏறிப் பறந்தோம்.

மணமேல்குடியை அடைந்து, தென்னந்தோப்புகளைக் கடந்து, கடற்கரை மணலின் விளிம்பில் இறங்க முற்பட்டபோதுதான் உண்மை விளங்கியது. மூவர் செருப்பும் அறந்தாங்கித் தேநீர்க் கடை வாசலில் வரிசையாக, துரைக்குரிய பணிவுடன், நின்றுகொண்டிருந்தன. நண்பகல் மணல் வறுகடாயாகக் கொதித்தது. நான் ஒரு கால் மாற்றி ஒரு காலில் ஆடினேன். ஏகாம்பரம் தொட்டியைவிட்டு அசைய மறுத்தார்.

"நான் எறங்க மாட்டேன் அண்ணே, பாதம் பொசுங்கிரும்."

"நீ எறங்காதே. எறங்கினா துரை சாஞ்சிருவாரு. வாத்தியாரே, நீ பின்னாடி நடந்து வா. ஆனா கையைக் கட்டிக்கிட்டு வரணும்."

பத்தடி செல்வதற்குள் சக்கரங்கள் மணலில் புதைந்து, நின்ற இடத்திலேயே சுழன்றன. மணல் தூறலாய் என் முகத்தில் பொழிந்தது. வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் சிலர் ஓடிவந்தனர். "ஒதுங்குங்க, ஒரே தள்ளு" என்று அவர்கள் கை நீட்டியதும், பெண்டுலம் புலியைக் கண்டவர்போல் அலறினார்.

"தொடாதே! தொட்டா என் மீசை போயிரும்!"

மீனவர் திகைத்தனர். நான் பந்தயத்தை எடுத்துரைத்தேன். கருவாட்டுக் கூடையுடன் நின்ற ஓர் அம்மையார் வயிறு குலுங்கச் சிரித்தார். "இதுக்கா இம்புட்டுச் சத்தம்? மாட்டுவண்டிக்கு ஓலை போடுற மாதிரி போட்டா, தன்னால போயிருமே. ஏலே, அந்தக் காஞ்ச ஓலையெல்லாம் இழுத்துட்டு வாங்கடா!"

அடுத்த கால்மணி நேரத்தில் நான் கண்ட காட்சி பட்டாபிசேகத்துக்கு நிகரானது. பனையோலைகள் மணல்மீது விரிந்தன. துரை அவற்றின்மேல் ஏறி முன்னேற, கடந்த ஓலைகளைப் பின்னிருந்து உருவி முன்னால் விரித்தனர். ஓலைகள் நொறுங்கும் ஒலியும், எந்திரத்தின் உறுமலும், சிறுவர் பெரியவர் கூச்சலும் கலந்தன. பெண்டுலம் நிமிர்ந்து, வலமும் இடமும் நோக்காமல், தேரில் வரும் அரசர்போல் கடலை அடைந்தார். முன்சக்கரம் நீரைத் தொட்டது.

ஏகாம்பரம் கடலை உற்று நோக்கினார். "என்னண்ணே, அலையையே காணோம்? இது கடலா, கண்மாயா?"

"துரை வந்திருக்காருல்ல, அடங்கி நிக்குது" என்றார் பெண்டுலம்.

திரும்பும்போது ஓலைகள் நைந்துவிட்டன. கெட்டித் தரைக்கு நாலு முழம் இருக்கையில் கடைசி ஓலையும் கிழிந்தது. பின்சக்கரம் அமிழ்ந்தது, எந்திரம் திணறி, நின்றுவிடுமோ என்னும்படி குரல் தாழ்ந்தது. பெண்டுலம் முன்னால் குனிந்து துரையின் காதில் ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தார். ஏகாம்பரம் கண்களை இறுக மூடியிருந்தார். மீனவர் ஓலை தேடிப் போயிருந்தனர். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். கட்டியிருந்த கைகளை அவிழ்த்து, வண்டியின் பின்புறத்தில் வைத்து, கொதிக்கும் மணலில் கால்களை ஊன்றி, ஆன மட்டும் தள்ளினேன். துரை துள்ளித் தரையேறினார். பெண்டுலம் இருகைகளையும் வானுக்கு உயர்த்தினார். இச்செயலை இன்றுவரை எவரிடமும் நான் கூறியதில்லை.

அதன்பின் நிகழ்ந்தது பயணமன்று, உலா. இடப்பக்கம் நீலக் கடல் எங்களுடன் ஓடிவந்தது. தாழம்புதர்களும், உப்பளங்களில் வெண்குவியல்களும், நீர்விளிம்பில் ஒற்றைக்கால் நாரைகளும் பின்னோக்கிப் பறந்தன. அம்மாபட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் கடைவீதியார் எழுந்து நின்று கையசைத்தனர். ஓரிடத்தில் மாடு ஒன்று குறுக்கே நிற்க, "தள்ளிப் போடா" என்று அதனையும் ஒருமையிலேயே அதட்டினார் பெண்டுலம். ஏகாம்பரம் தொட்டியில் எழுந்து நின்று பாடத் தொடங்கினார். பத்தாண்டு பழகியும், அவருக்குக் குரல் உண்டென்று அன்றுதான் அறிந்தேன்.

மிமிசலைக் கடந்து ஆவுடையார்கோயில் சாலையில் மூன்று கல் சென்றிருப்போம். எங்களுக்கு முன்னே, நிழலற்ற பொட்டலில், புதுக்கோட்டைக்குத் திரும்பும் பேருந்து ஒன்று. அதனை இருபது பேர் பின்னிருந்து தள்ளிக்கொண்டிருந்தனர். தள்ளுவோருள் முதல்வராக, சட்டை நனைந்து, மூச்சிரைக்க நின்றவர் நடத்துநர் மாணிக்கம்!

ஏகாம்பரத்துக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "விடாதீங்க அண்ணே, கேட்டுட்டுப் போயிருவோம்!"

பெண்டுலம் வேகத்தைக் குறைத்தார். "ஏய் மாணிக்கம், நானும் எறங்கித் தள்ளிவிடவா?"

பேருந்துப் பயணிகளே சிரித்துவிட்டனர். மாணிக்கம் தலைகுனிந்தார். அத்துடன் போயிருக்கலாம், வெற்றி எங்கள் கையில் இருந்தது. ஆனால் பெண்டுலத்தின் பார்வை பேருந்தின் சன்னல்களில் நிலைத்தது. கைக்குழந்தையுடன் இரு பெண்கள் முந்தானையால் குழந்தைகளுக்கு விசிறிக்கொண்டிருந்தனர். அவர் தலை ஆடியது. நின்றது. கையை நீட்டித் துரையின் எந்திரத்தை நிறுத்தினார்.

காலையிலிருந்து கேட்ட உறுமல் அடங்கியதும் எனக்கு உலகமே நின்றதுபோல் இருந்தது. "அண்ணே, இவரு நின்னுட்டா மறுபடி..." என்றேன்.

"தெரியும் வாத்தியாரே. துரை பேசிட்டு இருந்தா, அந்த வண்டி சொல்றது என் காதுல விழாது."

பேருந்தின் முன்மூடியைத் திறந்து, ஓட்டுநரை எந்திரத்தைச் சுழற்றச் சொல்லிக் காதை வைத்துக் கேட்டார். இடையில் செருகியிருந்த துணிப்பையிலிருந்து கண்ணில் பொருத்தும் ஆடியையும், கடிகாரச் சிற்றரத்தையும் எடுத்தார். மின்பொறி எழும் முனை இரண்டிலும் கரி படிந்திருந்தது. பொற்கொல்லர் மூக்குத்தியைத் தேய்ப்பதுபோல் அதனைத் தேய்த்தார். பேருந்து ஒரே சுழற்சியில் முழங்கியது.

இனித் துரையின் முறை. பெண்டுலம் ஏறி மிதித்தார். அசைவில்லை. மீண்டும் மிதித்தார். இருமல் ஒன்று வந்து அடங்கியது. பயணிகள் அனைவரும் இறங்கி வட்டமாக நின்றனர். மாணிக்கம் அருகில் வந்தார். குரலில் கேலி இல்லை.

"அண்ணே, நாங்க தள்ளுறோம். யாரும் வெளிய சொல்ல மாட்டோம். சத்தியமா."

"எட்டி நில்லு." பெண்டுலம் எண்ணெய்க் கலத்தைத் தடவி, "துரை, சனமெல்லாம் பாக்குறாங்க, கொஞ்சம் பெரிய மனசு பண்ணுங்க" என்றார். மூன்றாம் முறை மிதித்தார்.

துரை முழங்கினார். அப்பொட்டலில் எழுந்த ஆரவாரத்தில் தொலைவிலிருந்த நாரைகளும் பறந்தன.

பொழுது சாயச் சிறிது நேரம் இருக்கையில் நாங்கள் புதுக்கோட்டைக்குள் நுழைந்தோம். எங்களுக்குப் பின்னால், வழிநெடுக முந்தாமல், ஓயாமல் ஒலியெழுப்பியபடி பேருந்து வந்தது. கீழராஜ வீதியில் பெண்டுலத்தின் கடைமுன் அது நின்றது. மாணிக்கம் அதன் கூரைமேல் ஏறினார். "இந்த மனுசன் ஓட வைக்காத எந்திரமே இல்லை! எங்க பஸ்ஸே சாச்சி!" என்று தொண்டை கிழியக் கூவினார். மறுநாள் காலை முதல் கடைக்குக் கடிகாரங்கள் வந்து குவிந்தன. முதலில் வந்தது, முன்பு திரும்பிச் சென்ற பெரியவரின் தோளிலிருந்த சுவர்க்கடிகாரம்.

நான் செவ்வாய்க்கிழமை மாலை கடைக்குச் சென்றேன். பெண்டுலம் தலைகுனிந்து வேலையில் இருந்தார். நிமிர்ந்தார். மீசை இல்லை.

கேட்டவர்களுக்கெல்லாம், விராலிமலை முருகனுக்கு வேண்டுதல் என்று விடை கூறியிருந்தார். வெற்றிபெற்றவர் செலுத்திய காணிக்கை என்று ஊரார் மெச்சினர். கடையில் எவரும் இல்லாத வேளையில் என்னிடம் மட்டும் மெல்லச் சொன்னார்.

"கடைசி நாலு முழம் துரை தானா ஏறலை வாத்தியாரே. பின்னாடி ரெண்டு கை இருந்துச்சு. வண்டி ஓட்டுறவனுக்கு அது தெரியாதா?"

"அண்ணே, அது வந்து..."

"யாரு கைன்னு நான் கேக்கலை. நீயும் சொல்லாதே. சொன்ன சொல்லுக்கு எடுத்தாச்சு, முடிஞ்சுபோச்சு." மேசையடியிலிருந்து தேங்காயெண்ணெய்க் கிண்ணம் ஒன்றை எடுத்து என் பக்கமாக நகர்த்தினார். "ஒன் கால் கொப்புளம் ஆறிடுச்சா? இங்கிட்டு நீட்டு, பாப்போம்."

குனிந்து என் பாதத்தை ஆராய்ந்த அந்த முகத்தை, மீசையின்றி, அன்றுதான் முதன்முறையாக முழுமையாகக் கண்டேன். புதுக்கோட்டையில் அதனினும் அழகிய முகம் ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை.