வஜீஹா போட்ட இரண்டு கீறல்

மாமியாரை வரவிடுவதில்லை என்று உமர் ஃபாரூக் முடிவு செய்தான். முடிவு செய்த கையோடு அவனுக்கு வியர்த்துக் கொட்டியது.

கச்சேரி ரோட்டுச் சந்தில் அவர்களுக்கு இருந்தது ஒற்றை அறை. போன தடவை ஆம்பூரிலிருந்து மாமியார் ஹமீதுன்னிசா வந்தபோது பத்து நாளும் அவன் அரிசி மூட்டையை அணைத்துக்கொண்டு படுத்தான். இந்தத் தடவை யுத்தம் முடியும்வரை தங்குவாளாம். யுத்தமோ இப்போதுதான் சூடு பிடித்திருந்தது.

மனைவி வஜீஹாவுக்கு எழுத்துத் தெரியாது. அவள் சொல்ல, பி.ஏ. படித்த அவன் எழுதுவான்.

"அம்மா உடனே புறப்பட்டு வரணும்னு எழுதுங்க" என்று தொடங்கியவள் கால் மணி நேரம் மூச்சுவிடாமல் பேசினாள். அவன் எழுதியது: 'இங்கே குண்டு பயம். வர வேண்டாம். நாங்கள் நலம்.'

"படிச்சுக் காட்டுங்க."

அவள் பேசியதை அப்படியே ஒப்பித்தான்.

வஜீஹா காகிதத்தை வாங்கி உற்றுப் பார்த்தாள். கையெழுத்துக்குப் பதிலாக எப்போதும் போடும், எக்ஸ் மாதிரியான குறுக்குக் கீறலைப் போட்டாள். பிறகு பக்கத்தில் இன்னொன்று.

"எதுக்கு ரெண்டு?"

"ஏன், ரெண்டு போட்டா தபால்காரர் வாங்க மாட்டாரா?"

உமர் கீறல்களையே முறைத்துப் பார்த்தான். வக்கீல் ஆபீசில் பழைய பத்திரங்களை நகல் எடுப்பவன் அவன். இந்த எக்ஸ் எத்தனை வேஷம் கட்டும் என்று அவனுக்கா தெரியாது? எழுதத் தெரியாதவரின் கையொப்பம். ரோமன் கணக்கில் பத்து. வரைபடத்தில் எல்லைக்கல். தப்பான வரிக்கு அடித்தல். துரைமாரின் 'எக்ஸ்மஸ்' வாழ்த்தில் கிறிஸ்துவின் பெயர். அவர்கள் வீட்டுக் கடிதத்தின் அடியில் முத்தம். இரண்டு என்றால் இருபதா? இருபது என்ன? மாமியார் தங்கப்போகும் மாதமா? எட்டு நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலை வாசலில் ஜட்கா வண்டி வந்து நின்றது. டிரங்குப் பெட்டி இறங்கியது. கோழிக்கூடை இறங்கியது. ஹமீதுன்னிசாவும் இறங்கினாள்.

"மாமி! கடுதாசி வரலையா?"

"வந்துச்சு மாப்பிள்ளை. தபால்காரர் படிச்சாரு. நான் கீறலைப் பார்த்தேன், ரயிலேறிட்டேன்."

வஜீஹா பெட்டியை உள்ளே இழுத்தபடி சொன்னாள்: "ஒரு கீறல்னா எழுதினது என் பேச்சு. ரெண்டுன்னா உங்க பேச்சு. கல்யாணத்தன்னிக்கே அம்மாவும் நானும் பேசி வச்சது."

"நான் மாத்தினது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"கால் மணி பேசினேன். மூணு வரியில முடிச்சீங்க. எழுத்துதாங்க தெரியாது, கண்ணு தெரியும்."

உமர் சுவரோடு ஒட்டிக்கொண்டான். "சத்தியமா வஜீஹா, இனிமே நீ சொல்றதை ஒரு வார்த்தை மாத்தாம எழுதறேன்."

"யாருக்கு எழுதப்போறீங்க? அம்மாதான் இங்கேயே இருக்காங்களே!"