பாசிப்பச்சையில் ஒரு தூண்டில் லைன்

எனக்கு நிறம் பார்த்து வாங்கத் தெரியாது. இதை ஒப்புக்கொள்வதில் இப்போது வெட்கம் ஒன்றும் இல்லை. பாலக்கோட்டில் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறேன். சிவப்பு ஒயர் எது, கறுப்பு ஒயர் எது என்று தெரிந்தால் போதும் என்கிற தொழில். அந்த இரண்டோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

நந்தினியைக் கல்யாணம் செய்துகொள்ள நான் ஆசைப்பட்டுக்கொண்டிருந்த காலம். (மிக்ஸி ரிப்பேருக்கு வந்தவள். மூன்றாவது தடவை நன்றாக ஓடுகிற மிக்ஸியையே தூக்கிக்கொண்டு வந்தபோது எனக்கு விஷயம் புரிந்தது.) எங்கள் வீட்டில் சரி என்றுவிட்டார்கள். அவள் அம்மாவும் சரி என்றுவிட்டார். அவள் அப்பா மட்டும் "பாக்கலாங்க" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். அதன்பிறகு நான்கு மாதம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவர் ஊட்டிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் முப்பது வருடம் ஜீப் ஓட்டியவர். முதலாளி ஓடையில் மீன் பிடிக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தே பூச்சித் தூண்டில் போடக் கற்றுக்கொண்டார். அதில் புழு கிடையாது. சின்னக் கொக்கியில் இறகு கட்டிய பொய்ப்பூச்சிதான். அதற்கு எடையே இல்லை என்பதால், அதைத் தூரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தடிமனான ஒரு லைன். அது தண்ணீரில் மூழ்காமல் மிதக்கும். லைனின் நுனியில் கண்ணாடி மாதிரி ஒன்பதடி நரம்பு; நரம்பின் முனையில் பூச்சி. (இதெல்லாம் இப்போது தெரியும். அப்போது லைன் என்றால் எனக்குக் கரண்ட் லைன்தான்.)

ஒருநாள் அவரே போன் செய்தார்.

"தம்பி, சாமான் வாங்க பெங்களூரு போறீங்கன்னு பாப்பா சொல்லுச்சு. என்னோட லைன் வெடிப்பு விட்டுப்போச்சு. மிதக்குற லைன் ஒண்ணு வாங்கியாங்க. ஞாயித்துக்கெழம ஒகேனக்கல் போலாம்."

"என்ன கலருங்க சார்?"

"நீங்களே பாத்து எடுங்க."

நந்தினிக்குச் சொன்னேன். அவள் சொன்னாள்: "எங்கப்பா இதுவரைக்கும் யாரையும் மீன் புடிக்கக் கூப்பிட்டதில்லீங்க. என்னையே கூப்பிட்டதில்ல. ஞாயித்துக்கெழமயோட ஒண்ணு தெரிஞ்சுபோயிரும். பாத்து வாங்குங்க."

அன்று மாலை எங்கள் வீட்டில் லைனின் நிறத்தைப் பற்றிக் கூட்டம் நடந்தது. "நல்ல காரியத்துக்குப் போற, மஞ்சளா எடு" என்றார் அம்மா. அக்கா வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "மஞ்சக்கயிறு தலமேல வந்து வுழுந்தா எந்த மீனுங்க நிக்கும்? பொம்பள மீனு வேணா நிக்கும்." அதற்கு அக்கா அவரைப் பார்த்த பார்வையில் கூட்டம் கலைந்தது. ஆனால் அவர் சொன்னது என் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. மீனுக்குக் கண் உண்டு. ஆகவே மீன் கண்ணுக்குத் தெரியாத லைன்தான் நல்ல லைன். உலகத்தில் வேறு யாருக்கும் இது தோன்றவில்லை என்று நான் மனதார நம்பினேன்.

பெங்களூர்க் கடையில் ஆரஞ்சு, எலுமிச்சை மஞ்சள், பாசிப்பச்சை என்று மூன்று நிறம் இருந்தது. கடைக்காரர் ஆரஞ்சை முன்னால் தள்ளி, "எல்லாரும் இதுதான் சார் எடுக்குறாங்க" என்றார். ஐயோ பாவம், எல்லாரும் ஏமாந்திருக்கிறார்கள் என்று பரிதாபப்பட்டுக்கொண்டே பாசிப்பச்சையை எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அருவிச் சத்தம் தேய்ந்து, ஆறு அகலமாகி நிதானமாக ஓடுகிற இடம். பரிசலில் மூன்று பேர். முன்னால் அவர், நடுவில் துடுப்போடு பரிசல்காரர் முனியப்பன் அண்ணன், பின்னால் நான். காவிரி அன்றைக்கென்று பாசிப்பச்சையில் ஓடிக்கொண்டிருந்தது. என் லைனைப் பார்த்துத்தான் ஆற்றுக்கே சாயம் போட்டார்களோ என்னும்படியான பொருத்தம்.

அவர் வீசினார். லைன் காற்றில் அழகாக வளைந்து போய்த் தண்ணீரில் இறங்கியது. இறங்கியதோடு சரி, காணவில்லை.

"லைன் எங்க தம்பி?"

"அங்கதாங்க சார் மிதக்குது. மீனுக்கே தெரியாதுங்க."

"எனக்கும் தெரியலையே."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினார். மீன் பூச்சியைக் கவ்வினால் லைன் லேசாக வெட்டி இழுக்கும். அதைப் பார்த்துத்தான் தூண்டிலைத் தூக்க வேண்டுமாம். இரண்டு தடவை தண்ணீரில் வளையம் எழுந்தது. இரண்டு தடவையும் அவருக்குத் தெரிவதற்குள் மீன் துப்பிவிட்டுப் போய்விட்டது.

முனியப்பன் அண்ணன் நல்ல எண்ணத்தில் பரிசலை ஒரு சுற்றுச் சுற்றித் திருப்பினார். லைன் எங்கே கிடக்கிறது என்று அவருக்கும் தெரியாதல்லவா? அது பரிசலையே ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டது. அடுத்த நிமிடம் தூண்டில் கம்பு வில்லாக வளைந்தது.

"மாட்டிக்கிச்சு" என்றார் அவர். நான்கு மாதத்தில் அந்தக் குரலில் நான் முதல்முதலாகச் சந்தோஷத்தைக் கேட்டேன். "பெருசுங்க முனியப்பா. கனமா இருக்குது."

அவர் இழுக்க இழுக்க நான் பின்னால் சாய்ந்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தேன், மறுபடியும் சாய்ந்தேன். என் லைஃப் ஜாக்கெட்டின் பின்வாரை யாரோ ஆற்றுக்குள்ளிருந்து பிடித்து இழுப்பது போலிருந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறவரிடம் எப்படிச் சொல்வது? முனியப்பன் அண்ணன்தான் திரும்பிப் பார்த்தார்.

"இழுக்காதீங்க சார். உங்க மீனு பின்னாடி குத்தவெச்சு உக்காந்திருக்குது."

அவர் என் முதுகிலிருந்து கொக்கியை எடுத்தார். கரைக்குப் போகச் சொல்லிக் கை காட்டினார். என் கல்யாணம் ஆற்றோடு போவதைக் கண்ணால் பார்த்தேன்.

கரையேறியதும் அவர் டீ குடிக்கப் போனார். தூண்டில் என்னிடம் இருந்தது. பக்கத்தில் மீன் வறுக்கிற கடையில் ஒரு அக்கா மீன் துண்டுகளுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தார். எனக்குப் பளிச்சென்று தோன்றியது. தாலிக்கயிறு என்ன, மஞ்சளாகவா பிறக்கிறது? வெள்ளை நூலுக்கு மஞ்சள் தேய்த்துத்தானே கட்டுகிறோம்?

"அக்கா, கொஞ்சம் மஞ்சத்தூள் குடுங்க."

"தனியா இல்ல கண்ணு. எல்லாம் கலந்து வெச்சதுதான் இருக்குது. எதுக்கு?"

"இந்த லைனுக்குத் தேய்க்கணுங்க. கண்ணுக்கே தெரிய மாட்டேங்குது."

அக்கா லைனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மீனு பாக்கப்போறது நுனியில இருக்குற நரம்பத்தான? லைனு புடிக்கிறவங்க கண்ணுக்குத்தான தெரியணும்? இத எவன் பச்சையில வாங்குனது?"

(நான் மசாலாக் கிண்ணத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.)

எண்ணெயில் குழைத்த மசாலாவை முப்பதடிக்குத் தேய்த்தேன். பிரமாதமாகப் பிடித்தது. அவர் திரும்பி வந்ததும் "இப்ப பாருங்க சார்" என்றேன். நம்பாமல்தான் வாங்கினார். பாறைமேல் நின்று வீசினார். செம்மஞ்சள் கோடு ஒன்று ஆற்றின்மேல் ஜம்மென்று கிடந்தது. "அட, தெரியுதுங்களே" என்றார். எனக்கு உயிர் வந்தது.

அது மறு வீச்சு வரைக்கும்தான் இருந்தது. ஈர லைனைத் தலைக்குமேல் அவர் முன்னும் பின்னும் சுழற்றியபோது, மிளகாய்த்தூள் கலந்த தூறல் எங்கள் இருவர்மேலும் பொழிந்தது. கண்ணில் விழுந்ததை அவர் கையால் துடைத்தார். அந்தக் கைதான் இவ்வளவு நேரம் லைனைப் பிடித்திருந்தது.

ஆற்றில் இறங்கி இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் குனிந்து முகம் கழுவினோம். எனக்கும் எரிந்தது, ஆனால் கத்துகிற உரிமை எனக்கு இல்லை. அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்தார். கண் இரண்டும் கோவைப்பழம். சிரிக்கிறார். சத்தமே வராமல், மூச்சுத் திணறத் திணறச் சிரிக்கிறார்.

"முப்பது வருசம் மீன் புடிச்சிருக்கறேன். மீனுக்கு முன்னால கயித்துக்கு மசாலா தடவுன ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"மன்னிச்சுக்கங்க சார்."

"அடுத்த தடவ ஆரஞ்சு வாங்கியாங்க மாப்ள."

அடுத்த தடவை என்கிற சொல் முதலில் உறைத்தது. கடைசிச் சொல் உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. உறைத்ததும் அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு அந்த அக்கா கடையிலேயே ஆளுக்கு இரண்டு மீன் சாப்பிட்டோம். உறைப்பாக இருக்கிறதா என்று அக்கா கேட்டார். இரண்டு பேரும் சிவந்த கண்ணோடு நிமிர்ந்து பார்த்தோம்.

கல்யாணத்தில் ஐயர் தாலியை என் கையில் கொடுத்த நேரம். மேளம் கெட்டிமேளத்துக்குக் காத்திருந்த அந்த அமைதியில் பின்னாலிருந்து மாமனார் குரல் தெளிவாகக் கேட்டது.

"மாப்ள, இதுல வெறும் மஞ்சள்தானுங்களே?"

போட்டோவில் பாருங்கள், தாலி கட்டும்போது நந்தினி தலை குனிந்திருப்பாள். வெட்கம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாள். போன மாதம் எங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்து என்னிடம் "என்ன கலருங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அவள் சொன்னாள்: "அவர்கிட்டக் கேக்காதீங்க. வூடே காணாமப் போயிரும்."