ஆறு துண்டு ஷாஃப்ட்டும் ஒரு சிவப்புப் புள்ளியும்

எதையாவது அரைகுறையாகத் தெரிந்துகொண்டால், அதை நாலு பேருக்கு விளக்காமல் எனக்குச் சோறு இறங்காது. கள்ளக்குறிச்சியில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் இருந்த பூல் கிளப்பில் இந்த வியாதி முற்றிப்போனது. (நீச்சல் குளம் அல்ல; ஸ்டிக்கால் பந்தை அடித்து மேஜைக் குழியில் தள்ளும் ஆட்டம்.)

அங்கே ஒரே மேஜை. சுவரோரம் ஏழெட்டுப் பொது ஸ்டிக்குகள், எல்லாம் ஒற்றை மரத்தில் கடைந்தவை. (மேஜைமேல் உருட்டிவிட்டால் நொண்டிக்கொண்டு போகும்.) நான் மட்டும் சொந்தமாக ஒன்று வாங்கினேன். அதன் முன்பாதி, அதாவது ஷாஃப்ட், ஆறு மரத்துண்டுகளைப் பசை போட்டு ஒட்டிக் கடைந்தது. ஒற்றை மரத்தில் ரேகை ஒரு பக்கமாக ஓடும். கையில் திருப்பிப் பிடித்தால் பந்து போகும் போக்கும் மாறும். ஆறு துண்டு என்றால் எந்தப் பக்கம் பிடித்தாலும் அடி ஒன்றுதான். இதை டீ மாஸ்டர் உட்பட ஒருவரையும் விடாமல் விளக்கினேன்.

கொட்டாவி விடாமல் கேட்ட ஒரே ஆள் மலர்விழி. சங்கராபுரத்திலிருந்து வந்துபோய், கோர்ட்டுப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். இருப்பதிலேயே மகா கோணலான ஸ்டிக்கைத்தான் எடுப்பாள். அதன் அடியில் நகப்பாலீஷால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தாள். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் புள்ளி மேலே வருமாறு திருப்பிக்கொள்வாள். ஸ்டிக்குக்குப் பொட்டா என்று கேட்டு நானே சிரித்துக்கொண்டேன்.

விழுப்புரம் போட்டிக்குப் போகும் அணியில் ஓர் இடம் காலியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் ஓர் ஆட்டம் ஆடுவது, ஜெயித்தவர் போவது என்றார் கிளப் ஓனர். தோற்றால் நான் நடத்திய பாடமெல்லாம் என்னாவது? ஸ்டிக்கைப் பக்குவப்படுத்த முடிவு செய்தேன். மண்வெட்டிக் காம்பு வெடிக்காமலிருக்க அப்பா வேப்பெண்ணெய் தடவி வெயிலில் வைப்பார். மண்வெட்டிக்கு ஆவது இதற்கு ஆகாதா? இரண்டு நாள் சொட்டச் சொட்டத் தடவி மொட்டைமாடியில் காயவைத்தேன்.

ஞாயிறன்று நான் படியேறியதுமே ஓனர் ஜன்னல்களைத் திறந்துவிட்டார். விரலுக்கிடையில் வழுக்கிப் போகவேண்டிய ஸ்டிக் பிசுபிசுவென்று ஒட்டியது. ஓர் அடி இடது பக்கம் போனது, அடுத்தது வலது பக்கம். ஆனாலும் எப்படியோ தட்டுத்தடுமாறி, இருவருக்கும் கறுப்புப் பந்து மட்டும் பாக்கி என்ற நிலைக்கு வந்துவிட்டேன். அதை உள்ளே போட்டவருக்கு ஜெயம். அதுவும் குழி வாயிலேயே நின்றது. ஊதினாலே விழும்.

நான் ஊதவில்லை, ஓங்கி அடித்தேன். 'சடக்' என்றது. ஷாஃப்ட் பசை விட்டு ஒரு சாண் நீளத்துக்கு வாய் பிளந்தது. நான் அடித்த வெள்ளைப் பந்து கறுப்பைத் தொடாமலே எங்கோ போய் நின்றது. மலர்விழி புள்ளியை மேலே திருப்பி, கறுப்பை அலுங்காமல் உள்ளே தள்ளினாள்.

பிளந்த ஸ்டிக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். இந்தக் கோணல் கட்டையை வைத்து எப்படி என்று கேட்டேன்.

"கோணலா இருந்தா இன்னாங்க? எப்பவும் ஒரே மாரி கோணிக்கினு இருந்தா போதும், சமாளிச்சிக்கலாம். உங்குளுது நேராதான் இருந்திச்சி. நீங்கதான் அத்த சும்மா வுடல."

அவள் விழுப்புரம் போனாள். நான் வழியனுப்பப் போனேன். அடுத்த வருஷம் பெண் கேட்டும் போனேன். பையன் எப்படி என்று அவள் அப்பா அவளிடமே விசாரித்தாராம்.

"கொஞ்சம் கோணல்தாம்பா. ஆனா தெனமும் அதே கோணல்தான்."

இன்றும் விருந்தாளிகளை உட்காரவைத்து நான் எதையாவது விளக்க ஆரம்பித்தால், மாமனார் சமையலறைப் பக்கம் குரல் கொடுப்பார்: "மலரு, மாப்ளைக்கு புள்ளி மேலதான கீது? வந்து திருப்பி வுடு."