மறுக்கா அக்காவை நான் வெளியே அனுப்பிய கதை

தனக்குப் புரியவில்லை என்பதை இவ்வளவு சத்தமாக, இவ்வளவு பெருமையாகச் சொல்லும் இன்னொரு பெண்மணி ஓசூரில் கிடையாது. எல்லை தாண்டிக் கர்நாடகாவுக்குள் போய்த் தேடினாலும் கிடைக்க மாட்டார். நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் மறுபடியும் சொல்லச் சொல்லி முதல் வரிசையிலிருந்து குரல் வரும்: "சார், மறுக்கா சொல்லுங்க!" அதனால் அவருக்குப் பெயரே மறுக்கா அக்கா.

நான் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் பயிற்சி ஆசிரியன். புதிதாகச் சேரும் பெண்களுக்கு மூன்று வாரம் வகுப்பு, கடைசியில் டெஸ்ட். தேறினால் வேலை; தேறாவிட்டால் ஊருக்கு பஸ். அந்த முறை ஊத்தங்கரை, பர்கூர்ப் பக்கத்துப் பெண்களோடு கன்னடமும் தெலுங்கும் பேசுகிறவர்களுமாக இருபது பேர். லைனில், அதாவது உற்பத்தி வரிசையில், வேலை செய்யும் பழைய ஆட்களும் ஒரு தடவை வகுப்பில் உட்கார வேண்டும் என்று கம்பெனி புதிதாக ஒரு விதி போட்டிருந்தது. அப்படி வந்தவர்தான் அக்கா. வயது ஐம்பதை நெருங்கும். தலையில் எப்போதும் ஒரு முழம் கனகாம்பரம்.

மைக்ரோமீட்டர் என்ற கருவியில் பொருளின் தடிமனை அளப்பது முதல் பாடம்.

"ஐம்பது மைக்ரான் வரைக்கும் வித்தியாசம் இருக்கலாம்" என்றேன்.

"மறுக்கா சொல்லுங்க சார். ஐம்பது மைக்ரான்னா எவ்ளோ? கண்ணுக்குத் தெரியுமா?"

"தலைமுடியை விடக் கொஞ்சம் மெல்லிசும்மா."

அக்கா 'வெடுக்'கென்று தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி நீட்டினார். "அளந்து காட்டுங்க."

அளந்தேன். அடுத்த நிமிடம் இருபது பெண்களும் முடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். யார் முடி கனம் என்று மூன்று மொழிகளில் சண்டை. மத்தியானம் கேன்டீனில் அப்பளத்தை அளந்தார்கள். அப்பளம் நொறுங்கி மைக்ரோமீட்டருக்குள் போய்விட, கழற்றித் துடைத்தவன் நான்.

எனக்கு வகுப்பு என்றால் குண்டூசி விழுந்தால் கேட்க வேண்டும். இங்கே குண்டூசி என்ன, இரும்புத் தூணே விழுந்தாலும் கேட்காது. நான் தமிழில் சொன்னதை அக்கா பக்கத்துப் பெண்ணுக்குக் கன்னடத்திலும், பின்னால் திரும்பித் தெலுங்கிலும் சொல்லி முடிக்கும்வரை நான் சாக்பீஸோடு காத்திருப்பேன்.

இரண்டாவது வாரம் மேனேஜர் வகுப்பைப் பார்க்க வந்தார். இங்கிலீஷ் கலந்து, அருவி மாதிரிப் பொழிந்தேன். முடித்ததும் அக்கா எழுந்து மேனேஜரிடமே சொன்னார்: "சார், இவரு சொன்னது ஒண்ணுமே புரியல. நீங்களாச்சும் மறுக்கா சொல்லச் சொல்லுங்க."

மேனேஜர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குக் காது வரைக்கும் எரிந்தது.

மறுநாள் காலை, அக்கா வாயைத் திறந்ததுமே எல்லார் முன்னாலும் சொன்னேன்: "உங்க தலையில பூவைத் தவிர வேற ஒண்ணும் கிடையாதும்மா. போங்க, லைனுக்கே போயிடுங்க."

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். நான் மட்டும்தான் சிரித்தேன். அக்கா நோட்டை மூடினார், எழுந்தார், போனார்.

அப்புறம் வகுப்பில் சொர்க்கம் போல அமைதி. "புரிஞ்சுதா?" என்பேன். "புரிஞ்சுது சார்" என்று கோரஸாகப் பதில் வரும். நானும் நல்ல வாத்தியார் என்று தோளைத் தட்டிக்கொண்டேன்.

டெஸ்ட் வந்தது. பதினோரு பேர் ஃபெயில். ஊத்தங்கரையிலிருந்து வந்த நதியா என்ற பெண் வெறும் பேப்பரை நீட்டினாள்.

"புரியலன்னா கேக்க வேண்டியதுதானேம்மா?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "கேட்ட அக்காவத்தான் அனுப்பிட்டீங்களே சார்."

நேராக லைனுக்குப் போனேன். அக்கா ஒரு பாகத்தை எடுத்தார், மைக்ரோமீட்டரில் வைத்தார், அளவைச் சொன்னார், தட்டில் போட்டார். நான் மூன்று நாள் பாடமாக நடத்தியது அவருக்கு மூன்று நொடி வேலை.

"இவ்ளோ தெரிஞ்சுமா கேட்டீங்க?"

"பாதி அதுங்களுக்காகத்தான் சார். வெக்கப்படுதுங்க பாப்பாங்க. மீதிப் பாதி எனக்கே புரியல. நீங்க பேசற வேகம் அப்படி."

"அன்னிக்குப் பேசினது..." என்று இழுத்தேன்.

"அத விடுங்க. அதுங்களுக்கு இன்னொரு டெஸ்ட் கேளுங்க. இந்த வேலைய நம்பித்தான வந்திருக்குதுங்க."

மேனேஜரிடம் போய், தப்பு பெண்கள் மேல் இல்லை, என் மேல் என்றேன். ஒரு வாரம் கொடுத்தார். அக்காவை மறுபடியும் முதல் வரிசையில் உட்காரவைத்து, எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். என் குரல் முதல் வரிசையைத் தாண்டவில்லை.

"சார், கொஞ்சம் சத்தமா. பின்னாடி இருக்கற பாப்பாங்களுக்குக் கேக்கல" என்றார் அக்கா.

வகுப்பே வெடித்துச் சிரித்தது. நானும் சிரித்தேன், கண் எரிய. அன்று ஏழெட்டுக் கைகள் உயர்ந்தன. அந்த வாரம் நான் ஒரு பாடத்தையும் ஒரே தடவையில் முடிக்கவில்லை. இரண்டாவது டெஸ்ட்டில் பத்துப் பேர் தேறினார்கள். நதியாவும் தேறினாள். தேறாத ஒரு பெண் பெட்டியோடு கேட்டைத் தாண்டிப் போனதைப் பார்த்தேன். அக்கா முதலிலிருந்தே வகுப்பில் இருந்திருந்தால் அவளும் தேறியிருப்பாளோ என்ற கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

போன வருஷம் அக்கா வேலையை விட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். நான் சொன்ன அந்த வார்த்தையை ஒரு நாள்கூட அவர் எடுத்துப் பேசியதில்லை. எனக்குத்தான் நினைத்தால் இன்றைக்கும் முகம் கவிழ்ந்துகொள்கிறது.

சென்ற திங்கட்கிழமை புது பேட்ச் வந்தது. முதல் நாள், ஒரு சத்தம் இல்லை. வராந்தாவுக்கு வந்து அவருக்குப் போன் போட்டேன். "என்ன சார், ஏதாச்சும் பிரச்சனையா?" என்றார். ஒன்றுமில்லை, சும்மாதான் என்றேன். அது பொய் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். போனை வைக்காமல் பேசிக்கொண்டே இருந்தார்.