மாமி சொல்லிக்கொடுத்த முதல் வாசகம்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதை இவ்வளவு சாதாரணமாகச் சொல்ல எனக்கு அறுபத்தெட்டு வயதாகியிருக்கிறது. அதற்கு முன்னால் செவ்வாய்க்கிழமை அந்தோனியார் நவநாள் கூட்டத்துக்கு நடுவில், மைக்கில், ஒரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. இப்போது நான் வாயால் சொல்லச் சொல்ல என் மருமகள் ஜெனிட்டா எழுதிக்கொண்டிருக்கிறாள். (நல்லபடியா எழுதும்மா. போன தடவை நான் சொன்னதுல பாதிய விட்டுட்ட.)

படிப்பு இல்லையே தவிர பேச்சு உண்டு. எங்கள் அன்பியத்தில், அதாவது அக்கம்பக்கத்துச் செபக்குழுவில், பன்னிரண்டு குடும்பங்கள். ஸ்ரீரங்கத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிற வேதக்காரக் குடும்பங்கள்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு வீட்டில் கூடுவோம். யாராவது நற்செய்தி வாசிப்பார்கள். பிறகு அவரவருக்குத் தோன்றியதைச் சொல்லவேண்டும். அதற்குப் பெயர் சிந்தனை. மற்றவர்கள் எல்லாரும் "அன்பு செய்யணும், மன்னிக்கணும்" என்று இரண்டு வரியில் முடித்துக்கொள்வார்கள். நான் அப்படி இல்லை. நற்செய்தி ஒரு பக்கம் என்றால் என் சிந்தனை மூன்று பக்கம் வரும்.

பேதுருவின் மாமியாருக்குக் காய்ச்சல் வந்த கதை ஒரு வாரம் வந்தது. ஆண்டவர் கையைப் பிடித்தார், காய்ச்சல் விட்டது, அந்தம்மா எழுந்து எல்லாருக்கும் பணிவிடை செய்தார்கள் என்று வரும். நான் கேட்டேன்: "காய்ச்சல் விட்ட கையோட எழுந்து அடுப்படிக்குப் போறாங்களே, ஒரு நாள் படுத்திருங்கன்னு சொல்ல அந்த வீட்டுல ஒரு ஆள் இல்லையா? பேதுரு பொண்டாட்டி எங்க போனா?" சொல்லிவிட்டு ஜெனிட்டாவைப் பார்த்தேன். அவள் சீலிங் ஃபேனைப் பார்த்தாள். கூட்டம் சிரித்த சிரிப்பில் மெழுகுவர்த்தியே அணைந்துவிட்டது.

இதனால் வந்த வினைதான் எல்லாம். பைபிளைக் கரைத்துக் குடித்தவள் என்று என்னைப் பற்றி ஒரு பேர் பரவிவிட்டது. நானும் மறுக்கவில்லை. மடியில் பைபிளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவேன். வாசிக்கச் சொன்னால், "கண்ணாடிய வீட்டுலயே வச்சிட்டேன்" என்பேன். ஒன்பது வருஷம் அந்தக் கண்ணாடி வீட்டிலேயே இருந்தது.

விஷயம் தெரிந்தவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான். மகனுடைய ரிப்போர்ட் கார்டைக்கூட அவரே பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார். அவர் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. ஜெனிட்டா எம்.காம். படித்தவள். பெண் பார்க்கப் போனபோது அவள் அம்மா, "சம்பந்தியம்மா எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?" என்று கேட்க, நான் "அந்தக் காலத்து எட்டாவது" என்று சொல்லிவிட்டேன். அதென்னவோ எட்டு என்பது ரொம்ப அதிகமும் இல்லை, குறைச்சலும் இல்லை என்று தோன்றியது. அந்தப் பொய்யை அவள் கண்டுபிடித்துவிட்டால் வீட்டில் எனக்கு என்ன மரியாதை மிஞ்சும் என்பதுதான் என் ஒரே பயம்.

தினமும் காலையில் அவள் குக்கரை ஏற்றிவிட்டு அன்றைய நற்செய்தியை மட்டும் சத்தமாக வாசிப்பாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வேன். பூசையில் நற்செய்திக்கு முன்னால் வருகிற முதல் வாசகத்துக்கு நேரம் இருக்காது, பேத்தியின் ஸ்கூல் வேன் வந்துவிடும்.

இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் அன்பியத் தலைவி லூர்து டீச்சர் குண்டைப் போட்டார். வருகிற செவ்வாய்க்கிழமைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை, சாயங்காலப் பூசையை எங்கள் அன்பியம் நடத்தவேண்டுமாம். "முதல் வாசகம் ஆரோக்கியம்மாதான். மறுக்கக் கூடாது. வாசக நூல்ல பத்தாம் வாரம் செவ்வாய், பாத்து வச்சிக்கிடுங்க" என்றார். கண்ணாடி என்று வாயைத் திறப்பதற்குள், "கண்ணாடிய மறக்காம எடுத்துட்டு வந்துடுங்க" என்று அவரே முடித்துவிட்டார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மேய்த்தவர் இல்லையா.

வேறு யாரிடம் போவது? எங்கள் அடுக்குமாடியில் முதல் மாடியில் வைதேகி மாமி இருக்கிறார். பெருமாள் கோயில் கைங்கரியக் குடும்பம். தினமும் காலையில் பாசுரம் சேவிக்கிற சத்தம் ஜன்னல் வழியாக எங்கள் வீட்டுக்கு வரும். வீட்டுக்காரர் வைத்திருந்த வாசக நூலை வயர்கூடையில் போட்டு, மேலே ஒரு கட்டு முருங்கைக்கீரையைப் பரப்பி, திருட்டுச் சாமான் கொண்டுபோவது போல மாடியேறினேன். விஷயத்தைச் சொன்னதும் மாமிக்கு ஒன்றுமே புரியவில்லை. படிக்கத் தெரியாதது ஒரு குறையா என்பது போலப் பார்த்தார்.

"ஏன்டி ஆரோக்கியம், இதுக்கா இப்படி வேர்த்துண்டு வந்து நிக்கறே? எங்கப்பா எத்தனை கொழந்தேளுக்குச் சந்தை சொல்லி வெச்சிருக்கார் தெரியுமா? ஒரு கொழந்தை புஸ்தகத்தைத் தொட்டதில்லை. காதால வாங்கிக்கணும், நாக்கால திருப்பித் தரணும். அவ்வளவுதான்."

சந்தை என்றால் காய்கறி விற்கிற சந்தை இல்லை. குரு ஒரு வரியை ஒரு தரம் சொல்வார். சிஷ்யன் அதை இரண்டு தரம் திருப்பிச் சொல்லவேண்டும். ஸ்ரீரங்கத்தில் பாசுரத்தை அப்படித்தான் பழக்குவார்களாம்.

மாமி புத்தகத்தைப் பிரித்துப் பத்தாம் வாரம் செவ்வாயைச் சரியாகக் கண்டுபிடித்தார். அங்கேதான் சனி உட்கார்ந்திருந்தது. "இங்க ரெண்டு இருக்கேடி. முதல் ஆண்டு, இரண்டாம் ஆண்டுன்னு போட்டிருக்கு. முதல்ல இருக்கறது ஏதோ லெட்டர். ரெண்டாவது கதை. பஞ்சத்துல ஒரு விதவை, ஒரு பிடி மாவு, கொஞ்சூண்டு எண்ணெய்" என்றார். நான் யோசிக்கவே இல்லை. "கதையே இருக்கட்டும் மாமி, லெட்டர் எல்லாம் மனசுல நிக்காது" என்றேன். நற்செய்தி எல்லா வருஷமும் ஒன்றுதான். முதல் வாசகம் மட்டும் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் மாறும். இது எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் முதல் வாசகத்தையே வேனுக்குப் பறிகொடுத்தவளாயிற்றே.

ஒன்பது நாள் பாடம் நடந்தது. மாமி ஒரு தரம், நான் இரண்டு தரம். எலியா வருகிறார், சுள்ளி பொறுக்குகிற விதவையிடம் தண்ணீர் கேட்கிறார், கூடவே அடையும் கேட்கிறார். (கடைசி மாவு, நானும் எம்மகனும் தின்னுட்டுச் சாகப்போறோம்னு அவ சொல்றா. அப்பவும் எனக்கு முதல்ல ஒண்ணு சுட்டுக் கொடுங்குறார். எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான்.) மாமி கதையில் கரைந்தே போய்விட்டார். "பாகவதாளுக்கு முதல்ல அமுது செய்யப் பண்ணினா பாரு, அதான் பானையில மாவு கடைசிவரைக்கும் வத்தலை" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அடுப்படியில் முணுமுணுப்பதைப் பார்த்து ஜெனிட்டா, "யார்கிட்ட பேசறீங்க அத்தை?" என்றாள். செபம் என்றேன்.

அந்தச் செவ்வாயும் வந்தது. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற எங்கள் மாதா கோயில் நிரம்பி வழிந்தது. வார நாள் பூசை, நாற்பது பேர் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டிருந்தவள் நான். செவ்வாய் அந்தோனியார் நாள் என்பதை மறந்துவிட்டேன். அந்தோனியார் கழுத்தில் கிடந்த எட்டு முழ மல்லிகைப்பூ வாசனையில் மூச்சு முட்டியது. வீட்டுக்காரருடைய பழைய கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு, பீடத்துக்கு வணக்கம் வைத்து, மைக் முன்னால் நின்றேன். ஆண்கள் பக்கம் என் மகன் சகாயம் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கத் தயாரானான்.

"அரசர்கள் முதல் நூலிலிருந்து வாசகம்" என்றேன். பிறகு, "அரசர்கள் முதல் நூலிலிருந்து வாசகம்" என்றேன்.

அவ்வளவுதான், வண்டி தண்டவாளத்தில் ஏறிவிட்டது. ஒன்பது நாள் இரண்டிரண்டு தரம் சொன்ன நாக்கு, ஒரு தரத்தோடு நிற்க மறுத்தது. எலியா இரண்டு தடவை எழுந்தார். இரண்டு தடவை ஊர் வாசலுக்கு வந்தார். அந்த ஏழை விதவை இரண்டு தடவை சுள்ளி பொறுக்கினாள். போதாக்குறைக்கு ராகமும் மாமியுடையது. வரி முடிகிற இடத்தில் மேலே ஏறி ஒரு வளை வளைந்து இறங்கும். ஏதோ குறைகிறதே என்று நடுவில் ஒரு பக்கத்தையும் திருப்பினேன். வாசிக்கிறவர்கள் திருப்புவதைப் பார்த்திருக்கிறேன்.

கையில் புத்தகம் வைத்திருந்தவர்கள் எல்லாம் சரசரவென்று தேட ஆரம்பித்தார்கள். லூர்து டீச்சர் முகம் பீட்ரூட் ஆயிற்று. சகாயம் செல்போனைக் கீழே இறக்கிவிட்டான். கடைசியில் "ஆண்டவரின் அருள்வாக்கு" என்பதையும் இரண்டு தடவை சொன்னேன். பாவம், சனங்கள் "இறைவனுக்கு நன்றி" என்பதையும் இரண்டு தடவை சொன்னார்கள்.

நான் திரும்பி நடக்கப் போனேன். புதிதாக வந்திருந்த இளவயதுச் சாமியார், சிரிப்பை உதட்டுக்குள் மடித்துக்கொண்டு சொன்னார்: "ரொம்ப அழகா சொன்னீங்கம்மா. ஆனா இன்னிக்கு முதல் ஆண்டு வாசகம். பவுல் எழுதின கடிதம். சின்னதுதான், அதையும் வாசிச்சிருங்க."

உபதேசியார் ஓடிவந்து சரியான பக்கத்தைப் பிரித்து, விரலையும் வைத்துக் காட்டினார். பார்த்தேன். பக்கம் முழுக்கக் கறுப்புக் கறுப்பாக இருந்தது.

"கண்ணாடி கொண்டுவரல சாமி" என்றேன். மூக்கின் மேல் கண்ணாடி இருந்தது. முதல் வரிசையில் ஒரு குழந்தை, "பாட்டி போட்டிருக்கு" என்றது.

இனிமேல் சொல்லப் பொய் எதுவும் கையில் இல்லை. "எனக்குப் படிக்கத் தெரியாது சாமி" என்றேன். மைக் அதைக் கோயில் முழுக்கக் கொண்டுபோய்க் கொடுத்தது. ஜெனிட்டா உட்கார்ந்திருந்த பக்கம் மட்டும் நான் பார்க்கவில்லை.

செருப்பில்லாத காலடிச் சத்தம் கேட்டது. அவள்தான். என் பக்கத்தில் வந்து நின்று, புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, என் காதோரம் சொன்னாள்: "நான் ஒரு ஒரு வரியா சொல்றேன் அத்தை, நீங்க சத்தமா சொல்லுங்க. ஒரு தடவை போதும்."

அவள் சொன்னாள், நான் சொன்னேன். அன்றைக்குப் பார்த்து அந்தக் கடிதம் எதைப் பற்றி என்கிறீர்கள்? ஒரே வாயால் ஆமாம் என்றும் இல்லை என்றும் பேசக்கூடாது என்பதைப் பற்றி. பவுலுக்கும் எனக்கும் என்ன விரோதமோ. பிறகு சாமியார் நற்செய்தியும் வாசித்தார். விளக்கை ஏற்றி மரக்காலுக்குள் மூடிவைக்கிறதில்லை என்ற பகுதி. பிரசங்கம் முழுக்க அவர் என்னைப் பார்க்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

திரும்பி வரும்போது ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் சீட் கிடைத்தது. பக்கத்தில் ஜெனிட்டா உட்கார்ந்தாள். காவேரிப் பாலம் வந்ததும் நானே ஆரம்பித்தேன்.

"எட்டாவதுன்னு உங்கம்மாகிட்ட சொன்னது பொய்."

"தெரியுது."

"கோவமா?"

"ஆமா. மொதல்லயே சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷம் முன்னாடி எழுந்து முதல் வாசகத்தையும் வாசிச்சிருப்பேன்ல? மாடி மாமிகிட்ட போய்க் கத்துக்கிட்டு வந்திருக்கீங்க. நான் எதுக்கு இருக்கேன்?"

அதற்குப் பிறகு நான் பஸ்ஸில் அழுதேன். கண்டக்டர் டிக்கெட் கேட்க வந்தவர், பேசாமல் பின்பக்கம் போய்விட்டு அப்புறமாக வந்தார்.

மறுநாள் மாமியிடம் நடந்ததைச் சொன்னேன். "வரி ஏதாவது தப்பா சொன்னியா?" என்றார். இல்லை என்றேன். "பின்ன என்ன? வருஷத்தை அவா மாத்தி வெச்சுண்டா அதுக்கு நாம என்ன பண்றது?" என்று மோர்க்குழம்பைக் கிளறப் போய்விட்டார். லூர்து டீச்சர் வெள்ளிக்கிழமை வந்து, வாசிப்பதை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும், சிந்தனை மட்டும் நான்தான் சொல்லவேண்டும் என்று உத்தரவு போட்டார். வீட்டில் இப்போது இரண்டு வாசகமும் நடக்கிறது. வேன்காரர்தான் ஹார்ன் அடித்து ஓய்ந்துபோகிறார்.

ஆனால் கதை சொல்ல மட்டும் என் வாயைத் திறக்க விடுவதில்லை. ஒரே கதையை நான் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறேனாம். கல்யாண வீடோ துக்க வீடோ, நான் தொண்டையைச் செருமினால் போதும், சகாயம் முந்திக்கொள்கிறான். "அம்மா, இது முதல் ஆண்டா, ரெண்டாம் ஆண்டா?" பேத்தியும் கேட்கிறாள். போன மாதம் அந்தச் சாமியாரே கேட்டார்.

கேட்டால் கேட்கட்டும். உங்களுக்கு இப்போது சொன்னது முதல் ஆண்டு. ரெண்டாம் ஆண்டில் நான் பஸ்ஸில் அழமாட்டேன்.